கணக்குப்பிள்ளை வீட்டு ஓலைக்கட்டு

கொல்லிமலையின் பெரக்கரை நாடு இன்று ஒரு வருவாய்க் கிராமம். அங்குள்ள ஒரு நிலத்தின் புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் தெரிந்திருந்தால், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறாமலே அதன் பதிவேட்டு விவரத்தை அலைபேசியில் பார்த்துவிடலாம். ஆனால் நாமக்கல், இராசிபுரம் பக்கத்துச் சமவெளி ஊர்களில் நிலக்கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த விடை ஒன்றுதான்: கணக்குப்பிள்ளை வீட்டில். அரசுக்குரிய விவரம் ஊழியரின் வீட்டில், ஊழியரின் ஓலையில், ஊழியருக்கு மட்டுமே விளங்கிய கையெழுத்தில் கிடந்தது. வேலைக்கு வருகிறவரின் சொந்த அலைபேசியிலும் மடிக்கணினியிலும் அலுவலகக் கோப்புகள் ஏறிவிட்டன, அவற்றை எப்படிக் காப்பது என்று இன்றைய நிறுவனங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது புதுச் சிக்கல் போலத் தோன்றலாம். தமிழ்நாட்டில் அதற்குக் குறைந்தது இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் படித்தால் ஒன்று தெரிகிறது. கணக்கு ஊழியரின் வீட்டில் இருந்ததால் மட்டும் அரசு தோற்கவில்லை. எது தன்னுடையது, எது அவருடையது என்று பிரித்துச் சொல்லாமல், சட்டத்தின் ஆணையை மட்டும் நம்பியதால் தோற்றது.

முதலில் அந்த ஊழியரின் கருவியைப் பார்க்க வேண்டும். பனையோலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்துச் சுவடியாக்கி, எழுத்தாணியால் கீறி, எழுத்துத் தெரியக் கரி பூசுவது வரை எல்லாம் கணக்கரின் சொந்தப் பாடு. அரசு அவருக்கு ஓலை வாங்கித் தரவில்லை, அலுவலகம் கட்டித் தரவில்லை. மானிய நிலமும் விளைச்சலில் ஒரு பங்கும்தான் ஊதியம். அந்த உரிமையும் பரம்பரையாக வருவது. எழுதியதும் எல்லாருக்கும் புரிகிற தமிழ் அல்ல. புள்ளி வைக்காத கூட்டெழுத்து. நாள், மாதம், பற்று, வரவு, மேற்படி என ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கக்குறி. நிலத்தின் பரப்பையும் நெல்லின் அளவையும் எழுத 1/20 ஆகிய மா, 1/80 ஆகிய காணி, 1/320 ஆகிய முந்திரி என்று இறங்கிக்கொண்டே போகும் பின்னங்கள். கணக்கதிகாரம் போன்ற கணித நூல்களையும் திண்ணைப் பள்ளி வாய்பாட்டையும் மனப்பாடம் செய்தவருக்குத்தான் அது படிக்க வரும். இதைத் திட்டமிட்ட மறைகுறி என்று சொல்வது மிகை. தொழிலின் வேகம் உண்டாக்கிய எழுத்து அது. ஆனாலும் விளைவு ஒன்றே. கட்டைக் கைப்பற்றினாலும் கணக்கரைக் கைப்பற்றாமல் பயனில்லை. பூட்டுப் போடாமலே பூட்டிய பெட்டி அது. அதன் சாவி ஒரு மனிதரின் பயிற்சியில் இருந்தது.

இந்தப் பெட்டியின் முன்தான் 1792-ல் கும்பினி வந்து நின்றது. ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாராமகாலும் சேலம் சீமையும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறின. கொல்லிமலை அதற்குள் அடங்கியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றார். தாமஸ் மன்றோ, கிரகாம், மெக்லியாட் மூவரும் அவருக்கு உதவியாளர்கள். நால்வரும் பட்டாளத்துக்காரர்கள். வரி வசூலுக்கு என்று இருந்த சென்னையின் சிவில் அதிகாரிகளை ஒதுக்கிவிட்டுக் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் இவர்களை அமர்த்தியதற்கு ஒரு முக்கியக் காரணம் மொழி. சிவில்காரர்களில் உள்ளூர் மொழி தெரிந்தவர்கள் அரிது. துபாஷி எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர் சொல்வதுதான் அவர்களுக்குக் கணக்கு. அந்தக் காலத்தில் கும்பினி எடுத்த முடிவுகளில் புத்திசாலித்தனமானது இதுவென்றே தோன்றுகிறது. பெட்டியை உடைப்பதற்கு முன் படிக்கக் கற்றுக்கொள் என்பது அதன் பொருள். அடுத்ததாக ரீட் செய்தது நில அளவை. கணக்கர் சொல்வதை எழுதிக்கொள்ளாமல் வயலை நேரே அளந்தால், அவர் ஓலைக்கு வெளியே இன்னொரு பதிவு பிறக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் பொய் தானே வெளிவரும். குடியானவரிடமே நேராக வரி வாங்கும், பிற்காலத்தில் ரயத்துவாரி என்று பெயர்பெற்ற முறையின் தொடக்கம் இந்த வேலைகளில்தான் இருக்கிறது. அவர்கள் எழுதிக்குவித்த கடிதங்களையும் அறிக்கைகளையும் சென்னை அரசு பின்னாளில் பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் தொகுதி தொகுதியாக அச்சிட்டது.

மொழி கற்பது, நிலத்தை அளப்பது ஆகிய இந்த இரண்டு வழிகளும் நிதானமானவை, செலவு பிடிப்பவை. ஆட்சிக்கு அவசரம். எனவே அது மூன்றாவது வழியான சட்டத்துக்குத் தாவியது. 1802-ன் 29-ஆம் ஒழுங்குவிதி, ஊர்க்கணக்கரின் பதவியைக் கர்ணம் என்ற பெயரில் வரையறுத்து, என்னென்ன பதிவேடுகள் வைக்க வேண்டும் என்று பட்டியலிட்டு, கேட்டபோது காட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதே விதி, பதவி வாரிசுகளுக்கே போக வேண்டும் என்றும் சொன்னது. இங்கேதான் கோணல். கணக்கு அரசுடையது என்று ஒரு வாயால் சொல்லி, கணக்கு வைக்கும் உரிமை குடும்பத்துடையது என்று இன்னொரு வாயால் சொன்னால், ஓலைக்கட்டு எதில் சேரும்? அப்பன் எழுதிய சுவடி மகனுக்குச் சொத்தா, ஒப்படைக்க வேண்டிய பொருளா? குடும்பம் அதைச் சொத்தாகவே கொண்டது. நூறாண்டு நெருங்கியபோதும் நிலைமை மாறவில்லை. 1895-ன் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் வாரிசுரிமையை இன்னும் இறுக்கிக் கட்டியது. 1960 டிசம்பரில் வந்த காஜுல தசரத ராமராவ் வழக்கின் தீர்ப்பில், இது அரசின் கீழான பதவி, பிறப்பை வைத்து முன்னுரிமை தருவது அரசமைப்பின் 16-ஆம் கூறுக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் முடிச்சு தளர்ந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஓர் அவசரச் சட்டம் 1980 நவம்பர் 14 முதல் ஊர்த்தலைவரான மணியம், கணக்கரான கர்ணம் ஆகிய பகுதிநேரப் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. எதிர்த்துப் போனவர்கள் 1982-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவி வந்தது. ரீட் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் இதற்கு 188 ஆண்டுகள் ஆயின.

கணக்கை எல்லாம் அரசு அலுவலகமான கச்சேரிக்குக் கொண்டுவந்து பூட்டியிருந்தால் இத்தனை பாடு ஏது என்று கேட்கலாம். அலுவலகத்தில் வைத்தால் காப்பு, வீட்டில் வைத்தால் கசிவு என்ற எண்ணம் இன்றும் வலுவாக இருக்கிறது. சேலத்தின் பக்கத்துச் சீமை அதற்கு விடை வைத்திருக்கிறது. கோயம்புத்தூர்க் கலெக்டர் கச்சேரியில் பொக்கிஷதாராக இருந்த காசி செட்டி, 1810-களில் கலெக்டர் காரோவின் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு பெருந்தொகையைச் சுருட்டியது கச்சேரிக்கு உள்ளிருந்துதான். தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் விசாரிக்கப் போனபோது தோண்ட வேண்டியிருந்தது ஊர்க் கர்ணங்களின் வீடுகளை அல்ல, தலைமைக் கச்சேரியின் சொந்தக் கணக்கை. காப்பறையின் திறவுகோல் யார் இடுப்பில் இருக்கிறதோ அவரே காப்பறையின் ஆபத்து. இடத்தை மாற்றினால் ஆபத்து கைமாறுமே ஒழிய மறையாது. பவானி ராமன் 2012-ல் எழுதிய ‘டாக்குமெண்ட் ராஜ்’ என்ற நூல், சென்னைக் கச்சேரிகளில் எழுத்தை நம்பிய ஆட்சி எப்படி எழுத்தையே சந்தேகிக்க நேர்ந்தது என்பதை விரிவாக ஆராய்கிறது. கையொப்பத்துக்கு மேல் சாட்சி, சாட்சிக்கு மேல் முத்திரை என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் இன்னொரு எழுத்தர் நுழைந்தார், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் கும்பினியின் கண்ணால் பார்த்தது, கணக்கர் பக்கத்து நியாயத்தைப் பேச ஆளில்லை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரியானதே. கர்ணம் நிலத்தை மறைத்தார் என்ற புகார் அக்காலக் கடிதங்களில் தேய்ந்த பல்லவி. யாரிடமிருந்து மறைத்தார் என்பது அங்கே பேசப்படுவதில்லை. வரியை ஏற்றுவதற்காக அளக்க வந்தவர்களிடமிருந்து, சில நேரம் ஊருக்காகவும் பல நேரம் தனக்காகவும். அதைவிட அழுத்தமான மறுப்பு ஒன்று உண்டு. தனி மனிதர் வீட்டில் கிடந்ததால்தானே பல செய்திகள் பிழைத்தன? புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 சனவரி வரை நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் டூப்ளே தனியறையில் சொன்ன இரகசியங்கள், வந்த கடிதங்கள், சரக்கு விலை, ஆள் பற்றிய வம்பு எல்லாம் அதில் இருக்கின்றன. இன்றைய நிறுவனக் காப்பு அதிகாரி ஒருவர் அதைப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். முதலாளியின் அந்தரங்கம் முழுக்க ஊழியரின் சொந்தப் புத்தகத்தில்! ஆனால் பிள்ளை இறந்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது, கோட்டையும் ஊரும் இடிக்கப்பட்டன. அந்த நாட்குறிப்போ குடும்பத்தின் வீட்டில் பிழைத்துக் கிடந்து, 1846-ல் காலுவா மோன்பிரோன் கண்ணில் பட்டுப் படி எடுக்கப்பட்டது. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது யார் தெரியுமா? பிரெஞ்சுக் கும்பினியின் பரம எதிரிக்கு வாரிசான சென்னை அரசாங்கம். வரலாற்று மாணவருக்கு இது கொடை. டூப்ளே உயிரோடு இருந்து கேள்விப்பட்டிருந்தால் வேறு சொல் சொல்லியிருப்பார்.

இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பிள்ளையின் நாட்குறிப்பு அவர் நினைவு. கும்பினியின் கணக்குக்கு அது பதிலி அல்ல. அதை அவர் வீட்டில் வைத்திருந்ததால் பிரெஞ்சுக்காரர்களின் அன்றாட வேலை எதுவும் நின்றுபோகவில்லை, அவர்களுக்கென்று தனிக் கணக்கும் கடிதக் கோப்பும் இருந்தன. கர்ணத்தின் கட்டு அப்படியல்ல, அது ஒன்றே மூலம். அவர் கோபித்துக்கொண்டால், நோயில் படுத்தால், வீட்டில் தீப்பிடித்தால், கறையான் ஏறினால், ஊருக்கு நிலம் எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. கசிவை நினைத்து அஞ்சுகிறவர்கள் இந்த இரண்டாவது ஆபத்தை மறந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அதுவே பெரிது. வெளியே போன தகவல் அவமானம் தரும். ஒரே ஆளிடம் உறைந்துபோன தகவல் அலுவலகத்தையே அவருக்கு அடிமையாக்கும். ஆட்சி கர்ணத்தைத் தண்டிக்கத் தயங்கியதற்கும் நூற்றாண்டுக் கணக்கில் வாரிசுரிமையை ஒப்புக்கொண்டதற்கும் காரணம் இரக்கம் அல்ல, இந்த அடிமைத்தனம்.

இதற்கு மருந்து தமிழ் மண்ணுக்குத் தெரியாததா என்றால், இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் உத்திரமேரூர்ச் சபை கல்லில் வெட்டிய விதிகளைக் குடவோலைத் தேர்தலுக்காக மட்டுமே மேடைகளில் பேசுகிறோம். கணக்கைப் பற்றி அவை சொல்வது அதற்குக் குறைந்ததல்ல. சபையின் குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குள் வர முடியாது. கணக்கு எழுதியவர் அதைத் தானே வந்து ஒப்புவிக்க வேண்டும். இடையில் வேறொருவர் புகுந்து முடித்து வைக்கக் கூடாது. இதில் காப்புப் பெட்டி பற்றி ஒரு பேச்சும் இல்லை. எல்லாக் கவனமும் ஒப்படைப்பின் மேல். ஓலையில் இருந்த முடிவைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தது இரண்டாவது காப்பு. கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஓலை போனாலும் கல் பேசும், கல்லைத் திருத்த நினைப்பவன் ஊர் பார்க்கத் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டுவதா காப்பு, வாடிக்கையாளரின் வங்கி எண்ணையும் சுவரில் வெட்டலாமா என்று கிண்டலாகக் கேட்கலாம். கல்லில் வெட்டியது எல்லாவற்றையும் அல்லவே. தானம், எல்லை, வரிவிலக்கு, விதி ஆகிய, பிற்காலத்தில் மறுக்கப்படக்கூடிய முடிவுகளைத்தான் வெட்டினார்கள். அன்றாடப் பற்று வரவு ஓலையிலேயே நின்றது. எது நிலைக்க வேண்டும், எது ஒரு கையோடு நிற்க வேண்டும் என்ற பாகுபாடு அவர்களுக்கு இருந்தது, அதைத்தான் 1802-ன் ஒழுங்குவிதி தவறவிட்டது.

பெரக்கரை நாட்டுக்குத் திரும்புவோம். நாடு என்பது கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வழக்காற்று அலகு. பட்டக்காரரும் ஊர்க்கவுண்டரும் கூடிய சபைகளில் எல்லைத் தகராறும் கடனும் பலர் காதுபடப் பேசித் தீர்க்கப்பட்டன. அங்கே பதிவேடு என்பது பலரின் நினைவு. ஒருவர் இறந்தால் அழியாது, ஒருவர் திருத்தினால் மற்றவர் மறுப்பார். அதே நாடு வருவாய்க் கிராமமாகி, அடங்கல், சிட்டா என்ற நிலப் பதிவேடுகள் வந்தபோது, நிலத்தைப் பற்றிய செல்லுபடியாகும் சொல், மலைமக்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாத எழுத்துக்குள் போனது. தன்னைப் பற்றிய தகவலைத் தானே சரிபார்க்க முடியாதவனுக்குப் பதிவேடு எந்தப் பூட்டுக்குள் இருந்தால் என்ன? இதைச் சட்டமும் காலம் கடந்து ஒப்புக்கொண்டிருக்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டத்தின் விதிகள், உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்கள் சொல்லும் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதுவும் சான்று என்கின்றன. கணக்குக் கட்டுக்கு வெளியே ஒரு மூலம் உண்டு என்று ஆட்சி ஏற்றுக்கொண்ட அரிய இடம் அது. நினைவை வானளாவப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நினைவிலும் பெரியவீட்டுக்காரன் குரல் ஓங்கி ஒலிக்கும். பல கைகளில் இருப்பதும் ஒரு காப்பு என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அலைபேசிக்கு வருவோம். கர்ணத்தின் ஓலைக்கும் இதற்கும் ஒப்புமை பொருந்தாது என்போரின் வாதம் வேகத்தைப் பற்றியது. ஒரு சுவடியைப் படியெடுக்க வாரக்கணக்கில் ஆகும். ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் ஆயிரம் பேருக்குப் போய்விடும். உண்மை. ஆகவே மறைகுறியாக்கமும் கடவுச்சொல்லும் வேண்டியவையே, அதில் வழக்கில்லை. ஆனால் வேகம் மாறியதே தவிர உடைமைக் குழப்பம் அப்படியே இருக்கிறது. ஓலை வாங்கித் தராத அரசு ஓலையைக் கேட்டது போல, அலைபேசி வாங்கித் தராத நிறுவனம், வேலையை விட்டுப் போகிறவரின் அலைபேசியைத் தொலைவிலிருந்தே துடைத்தழிக்கும் உரிமையைக் கேட்கிறது. அதில் அவருடைய பிள்ளையின் படங்களும் இறந்த தாயின் குரலும் இருக்கலாம். கருவிச் செலவை ஊழியர் தலையில் வைத்துவிட்டுக் கருவியின் மேல் ஆட்சி கேட்பது 1802-ன் இரண்டு வாய்ப் பேச்சேதான். இந்தச் சிக்கலை விடுவிக்க ஓரளவு உதவியது காவல் அல்ல, ஒரு தடுப்புச்சுவர். ஆண்ட்ராய்டு அலைபேசிகளில் 2014 முதல் வந்த வேலைப் பிரிவு, ஒரே கருவிக்குள் அலுவலகத்துக்குத் தனி அறை கட்டியது. பிரியும் நாளில் அந்த அறையை மட்டும் காலி செய்தால் போதும், வீட்டுக்குள் நுழைய வேண்டாம். கணக்குப்பிள்ளை வீட்டில் ஊர்க்கணக்குக்கு என்று ஒரு பெட்டியும் அதற்கு இரண்டு சாவியும் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கற்பனை செய்யத் தூண்டுகிற ஏற்பாடு.

சட்டத்தின் சாய்வும் மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திரட்டிப் பயன்படுத்தும் நிறுவனத்தின் மேல் பொறுப்பை வைக்கிறது. வேறு எந்த ஒப்பந்தம் இருந்தாலும் அந்தப் பொறுப்பு விலகாது. தக்க காப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். கேட்டபோது காட்டு என்று கர்ணத்தை மிரட்டிய சட்டத்துக்கும், உன் ஊழியரின் பைக்குள் எது இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது உன் கடமை என்று முதலாளியைக் கேட்கும் சட்டத்துக்கும் நடுவே நீண்ட தூரம். ஆனால் கடமையை ஏற்ற முதலாளி மறுபடி எளிய வழியைத்தான் பிடிப்பார் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஊழியரிடம் பத்துப் பக்க உறுதிமொழியில் கையொப்பம் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது அந்த எளிய வழி.

கையொப்பத்தோடு நிற்காமல் கணக்கை நேரே ஒப்புவிக்கும் ஒரு பழைய பழக்கத்தை வருவாய்த்துறை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. வருவாய்க் கணக்குக்குரிய பசலி ஆண்டு சூலை முதல் நாள் பிறக்கும். அதற்கு முன் வட்டம் தோறும் ஜமாபந்தி என்ற கணக்குத் தணிக்கை நடக்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் கணக்குகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு பதிவேட்டையும் அதிகாரி முன் விரித்து, கூட்டல் சரிபார்த்து, ஒப்பம் பெற்றுத் திரும்புகிறார்கள். பெரக்கரை நாட்டின் கணக்கும் மலையிறங்கி வரவேண்டியதாக இருந்தது. கொல்லிமலை தனி வட்டமானபின் செம்மேட்டோடு அதன் பயணம் நின்றுவிட்டது. விரிக்கப்படுபவை அடங்கல், சிட்டா, அ-பதிவேடு. ஆனால் வயல் வரப்பில் எடுத்த படமும், மனுதாரர் அனுப்பிய ஆதார் நகலும், பட்டா மாறுதலுக்கு வந்த குரல் செய்தியும் அந்த அலுவலரின் சட்டைப்பையிலேயே இருக்கின்றன.